வினைச்சொல்லாகிப்போன ஒரு மனிதர்

மனிதர்களின் பெயர்கள் சொற்களாக மாறுவது புதிதன்று. மின்விளக்கின் மீது அச்சிடப்பட்டிருக்கும் 'வாட்' என்பது ஜேம்ஸ் வாட்டின் பெயர். 'வோல்ட்' என்பது அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவின் பெயரிலிருந்து வந்தது. இவை அறிஞர்களின் மறைவுக்குப் பின்னர் உலகம் அவர்களுக்கு அளித்த மரியாதை. ஆனால், தாம் உயிரோடு இருக்கும்போதே, தமக்கு எதிராகவே, சில வாரங்களுக்குள் தம் பெயர் ஒரு வினைச்சொல்லாக மாறியதைக் கண்ணால் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் அறிஞரும் அல்லர், கொடுங்கோலரும் அல்லர். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் ஒரு நிலக்கிழாருக்காக வாரம் வசூலித்துக் கொடுத்த காரியஸ்தர். அவர் பெயர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட்.

தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, அந்நியப் பொருள் புறக்கணிப்பு என்று நாம் நாளும் படிக்கும் செய்திகளில் ஆங்கில நாளிதழ்கள் பயன்படுத்தும் சொல் இவருடைய பெயர்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ் இதழ்கள் 'பகிஷ்காரம்' என்று எழுதின. இன்று 'புறக்கணிப்பு' என்கிறோம். இரண்டிலும் 'வெளியே' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ஒருவரை நம் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவதே அச்சொற்களின் உட்கருத்து. ஆங்கிலச் சொல்லிலோ அப்படி எந்தக் கருத்தும் இல்லை. ஒரு மனிதரின் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சொல்லின் பொருள் முழுமையாக விளங்கும்.

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பகுதியில் பர்க் செயின்ட் பீட்டர் என்ற சிற்றூரில் 1832-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை அவ்வூரின் ஆங்கிலிகன் சபைப் போதகர். பிரான்ஸில் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட் மரபைச் சேர்ந்தது அக்குடும்பம். அதன் பெயர் முதலில் 'பாய்கேட்' என்றே எழுதப்பட்டது. சார்லஸ் சிறுவனாக இருந்தபோது, 1841-இல், குடும்பத்தார் அதை 'பாய்காட்' என்று மாற்றிக்கொண்டனர். பின்னாளில் உலக மொழிகளெல்லாம் கடன் வாங்கப்போகும் ஒரு சொல்லின் எழுத்தைத் திருத்துகிறோம் என்று அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

இளைஞர் பாய்காட்டுக்கு இராணுவத்தின் மீதுதான் ஆசை. 1848-இல் வூல்விச் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். தேர்வில் தேறாமல் மறு ஆண்டே வெளியேறினார். அக்காலத்தில் இராணுவப் பதவியை விலைகொடுத்து வாங்க முடியும். குடும்பத்தார் 450 பவுன் செலுத்தி 39-ஆவது காலாட்படையில் அவருக்கு ஒரு பதவியை வாங்கித் தந்தனர். அந்தப் படைப்பிரிவு அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டது. டப்ளின் நகரில் சில மாதங்கள் நோயுற்றுக் கிடந்த அவர், 1852-இல் ஆன் டன் என்ற ஐரிஷ் பெண்ணை மணந்தார். விரைவிலேயே இராணுவப் பதவியை விற்றுவிட்டு விவசாயத்தில் இறங்கினார். மக்கள் கடைசிவரை அவரைக் 'கேப்டன்' என்றே அழைத்தனர். ஆனால் இராணுவத்தில் அவர் அந்தப் பதவியை எட்டியதே இல்லை.

1854-இல் மேயோ மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள அக்கில் தீவுக்குக் குடிபெயர்ந்து, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழ்ந்தார். காற்றும் மழையும் பாறையும் மிகுந்த அத்தீவில் விவசாயம் எளிதன்று. அண்டை அயலாரோடு வழக்குகளும் உரசல்களும் அவருக்கு இருந்தன. உழைப்புக்கு அஞ்சாதவர், பிடிவாதக்காரர், எழுதப்பட்ட உரிமையை ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதவர். இந்தக் குணங்களோடுதான் 1873-இல் லாக் மாஸ்க் ஏரிக்கரைக்கு வந்தார்.

அங்கிருந்த நிலத்தின் உரிமையாளர் எர்ன் பிரபு. ஃபெர்மனா மாவட்டத்தில் கோட்டை கட்டி வாழ்ந்த அவருக்குப் பல மாவட்டங்களிலும் சேர்த்து 40,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. மேயோவில் இருந்தது அதில் ஒரு சிறு துண்டு. ஏறத்தாழ 2,000 ஏக்கர். அதில் 1,500 ஏக்கருக்கு பாய்காட் காரியஸ்தரானார். ஏரிக்கரையில் வீடு, சொந்தமாகப் பயிரிட நிலம், சிறு குத்தகைதாரர்களிடம் வாரம் வசூலிக்கும் பொறுப்பு, அந்த வசூலில் பத்தில் ஒரு பங்கு ஆகியவை அவருக்குக் கிடைத்தன. தோட்டத்தில் சுள்ளி பொறுக்கும் வழக்கமான உரிமையை நிறுத்தினார். எல்லை தாண்டி மேய்ந்த கால்நடைகளுக்கு அபராதம் விதித்தார். இவை பெருங்கொடுமைகள் அல்ல. ஆனால் ஏழைகளின் மனத்தில் சின்னச் சின்ன அவமதிப்புகளே ஆழமாகத் தங்கும்.

அன்றைய அயர்லாந்தின் பொருளாதார நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். நாட்டின் நிலம் மிகச் சில ஆயிரம் குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்களில் பலர் தங்கள் நிலத்தில் வசிப்பதே இல்லை. உழுதவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் குத்தகையில் இருந்தவர்கள். நிலத்தைத் திருத்திக் கல்லகற்றி வேலியிட்டால், அதையே காரணமாகக் காட்டி வாரத்தை உயர்த்தலாம். கட்ட முடியாதவரை வெளியேற்றலாம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்த நினைவு ஆறாத நிலையில், 1879-இல் மீண்டும் மழை மிகுந்து விளைச்சல் பொய்த்தது. அதே வேளையில் அமெரிக்கத் தானியம் பெருமளவில் வந்திறங்கியதால் விலையும் வீழ்ந்தது. விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை. வாரம் மட்டும் மாறவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி டப்ளினில் ஐரிஷ் தேசிய நிலக் கழகம் உருவானது. அதன் உயிர்நாடி மைக்கேல் டேவிட். மேயோவில் பிறந்து, நான்கு வயதில் குடும்பத்தோடு நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, இங்கிலாந்தின் பஞ்சாலையில் குழந்தைத் தொழிலாளியாக வலக்கையை இழந்தவர் அவர். கழகத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். அவரே ஒரு நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர். நியாயமான வாரம், நிலையான குத்தகை உரிமை, குத்தகை உரிமையைத் தடையின்றி விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றே அவர்களின் கோரிக்கைகள்.

1880 செப்டம்பர் 19-ஆம் தேதி என்னிஸ் நகரில் பார்னெல் ஆற்றிய உரையே நம் கதையின் திருப்புமுனை. ஒருவர் வெளியேற்றப்பட்ட நிலத்தை இன்னொருவர் குத்தகைக்கு எடுத்தால் அவரை என்ன செய்வது என்று அவர் கூட்டத்தைக் கேட்டார். சுட்டுக் கொல்ல வேண்டும் என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. அதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு என்றார் பார்னெல். சாலையிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டிடத்திலும்கூட அவரோடு எவரும் பழகாமல், தொழுநோயாளியை அக்காலம் ஒதுக்கியதுபோல ஒதுக்கிவிட வேண்டும் என்பதே அவர் சொன்ன வழி.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் அந்த உரையின் நுட்பத்தை நான் வியந்திருக்கிறேன். பார்னெலின் இலக்கு நிலக்கிழார் அல்லர். விரட்டப்பட்டவரின் இடத்துக்குப் போட்டியிட்டு வரும் இன்னொரு ஏழை. நிலக்கிழாரின் பலம் அவருடைய பத்திரத்தில் இல்லை. நிலத்துக்காக ஏழைகள் தங்களுக்குள் போட்டியிடுவதில் இருக்கிறது. ஒருவர் போனால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்வரை வாரம் குறையாது. அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் வெளியேற்றம் என்ற ஆயுதமே பயனற்றுப்போகும். ஒற்றுமையால் எல்லோருக்கும் நன்மை, ஆனால் அதை முறிப்பவனுக்கு உடனடி ஆதாயம் என்ற பழைய சிக்கலுக்கு, முறிப்பவன் தர வேண்டிய விலையை உயர்த்துவதே விடை என்று அவர் கண்டார்.

ஆனால் அந்த ஆயுதம் நாடறிய முதலில் பாய்ந்தது இன்னொரு குத்தகைதாரர் மீது அன்று. அந்த உரைக்கு மூன்றே நாள்கள் கழித்து, செப்டம்பர் 22-ஆம் தேதி, லாக் மாஸ்க் நிலத்தில் வெளியேற்ற அறிவிப்பு வழங்க ஓர் அமீனா வந்தார். விளைச்சல் குறைவை எண்ணி எர்ன் பிரபு பத்து விழுக்காடு தள்ளுபடி தர முன்வந்திருந்தார்; குத்தகைதாரர்கள் கேட்டது இருபத்தைந்து விழுக்காடு. பிரபு மறுத்தார், பதினொரு பேர் மீது நடவடிக்கை தொடங்கியது. பதினேழு காவலர்கள் சூழ வந்த அமீனா மூன்று வீடுகளில் அறிவிப்பைக் கொடுத்தார். நான்காவது வீட்டுப் பெண் வாங்க மறுத்து, செங்கொடியை வீசி அக்கம்பக்கத்தாரை அழைத்தார். பெண்கள் திரண்டு கல்லும் சேறும் சாணமும் எறிய, அமீனாவும் காவலர்களும் பாய்காட்டின் வீட்டுக்குள் தஞ்சம் புகுந்தனர்.

மறுநாள் ஊர் திரண்டு பாய்காட்டின் வீட்டுக்கு வந்தது. எவரையும் அடிக்கவில்லை. வேலையாள்கள் அனைவரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னது. அன்று மாலைக்குள் சமையலறையில் ஆள் இல்லை, லாயத்தில் ஆள் இல்லை, வயலில் ஆள் இல்லை. கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுக்கும் பெண் வரவில்லை. அஞ்சல் கொண்டுவந்த சிறுவன் நின்றுபோனான். பாலின்ரோப் நகரக் கடைகள் ரொட்டி விற்க மறுத்தன. உணவுப் பொருள்களை வேறோர் ஊரிலிருந்து ஏரி வழியே படகில் கொண்டுவர வேண்டியதாயிற்று. வயலில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தானியமும் அறுவடைக்குக் காத்திருந்தன. பாய்காட்டும் அவர் மனைவியும் உறவினர் சிலருமாக மாட்டுத் தொழுவத்திலும் வயலிலும் தாமே உழைத்தனர்.

அந்த அமைதிக்குள் அச்சமும் கலந்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. செப்டம்பர் 25-ஆம் தேதி, லாக் மாஸ்க்கிலிருந்து சில மைல் தொலைவில், மவுன்ட்மோரஸ் பிரபு என்ற சிறு நிலக்கிழார் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் துணையின்றி பாய்காட் வெளியே நடமாட முடியவில்லை. வேலையை விட்டவர்களில் மனமொப்பி விட்டவர்களும் உண்டு. அண்டை வீட்டாருக்கு அஞ்சி விட்டவர்களும் உண்டு. புறக்கணிப்பு என்ற ஆயுதத்தில் பிறந்த நாளிலிருந்தே இந்த இரண்டு இழைகளும் பின்னிக் கிடக்கின்றன.

இப்படி ஊரே ஒருவரை விலக்குவதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்பகுதியின் பங்குத்தந்தை ஜான் ஓமாலி உழவர்களின் பக்கம் நின்று, வன்முறை கூடாது என்று அவர்களைக் கட்டுக்குள் வைத்திருந்தவர். அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக எழுதிப் புகழ்பெற்ற பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் அப்போது அங்கு வந்திருந்தார். ஓர் இரவு உணவின்போது, இந்தச் செயலைக் குறிக்கத் தமக்குச் சொல் கிடைக்கவில்லை என்றார் ரெட்பாத். பண்டைய ஏதென்ஸ் மக்கள் ஓட்டுச் சில்லில் பெயர் எழுதி ஒருவரை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த ஒரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால், அது உழவர்களுக்கு விளங்காது என்று பாதிரியார் கருதினார். சற்றே யோசித்து, 'பாய்காட் செய்வது' என்று அழைத்தால் என்ன என்று கேட்டார். இது ரெட்பாத் தாமே எழுதிவைத்த செய்தி. படித்தவர்களின் அகராதியைத் தள்ளிவிட்டு, படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே உருவான சொல் இது.

அக்டோபர் 18-ஆம் தேதி லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் பாய்காட்டின் கடிதம் வெளியானது. தம் வேலையாள்கள் விரட்டப்பட்டதையும், கடைக்காரர்கள் பொருள் தர மறுப்பதையும், பயிர் வயலில் அழுகிக்கொண்டிருப்பதையும் அவர் அதில் விவரித்தார். இங்கிலாந்தே அதிர்ந்தது. செய்தியாளர்கள் ஏரிக்கரையை நோக்கி விரைந்தனர். வடக்கே அல்ஸ்டர் பகுதியின் புராட்டஸ்டன்ட் பிரிவினர் நிதி திரட்டி, ஆயுதம் தாங்கிய பெரும்படையோடு சென்று அறுவடை செய்யப்போவதாக அறிவித்தனர். உள்நாட்டுக் கலகம் மூளும் என்று அஞ்சிய அயர்லாந்துப் பொறுப்பு அமைச்சர் வில்லியம் ஃபார்ஸ்டர், ஐம்பது தொழிலாளர்களுக்கு மட்டுமே அனுமதி அளித்தார்.

கேவன், மோனகன் மாவட்டங்களைச் சேர்ந்த அந்த ஐம்பது பேர் நவம்பர் 11-ஆம் தேதி கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினர். கொட்டும் மழையில், படை சூழ, பாலின்ரோப் வரை நடந்தே சென்றனர். ஏறத்தாழ ஆயிரம் வீரர்களும் காவலர்களும் அவர்களின் பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்டனர். மக்கள் எவரும் எதிர்க்கவில்லை. சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வழியில் தனியே நின்றிருந்த ஒரு கிழவியைப் பார்த்து, பிரிட்டிஷ் படையை வம்புக்கு இழுக்காதே என்று சொல்லவில்லையா என்று பாதிரியார் ஓமாலி கேலியாகக் கடிந்துகொண்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

இரண்டு வாரங்கள் மழையிலும் சேற்றிலும் கிழங்குகள் தோண்டப்பட்டன, தானியம் அடிக்கப்பட்டது. கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுன் செலவாகியிருந்தது. ஒவ்வொரு டர்னிப்புக்கும் அரசு ஒரு ஷில்லிங் செலவிட்டது என்று பார்னெல் எள்ளி நகையாடினார். அரசின் தோல்வி அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. ஒரு பண்ணைக்கு ஆயிரம் வீரர்களை அனுப்பலாம். அயர்லாந்தின் எல்லாப் பண்ணைகளுக்கும் அனுப்ப முடியாது. சட்டத்தால் ஒருவரின் சொத்தைக் காக்க முடியும். ஆனால் அவருக்கு லாடம் அடிக்கும்படியும் ரொட்டி விற்கும்படியும் இன்னொருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நாள்தோறும் பிறர் நமக்குச் செய்யும் நூறு சிறு பணிகளின் மேல்தான் நம் சொத்துரிமை நிற்கிறது என்பதை அந்த ஏரிக்கரை மக்கள் எந்தப் பாடநூலும் படிக்காமலேயே மெய்ப்பித்தனர்.

நவம்பர் 27-ஆம் தேதி பாய்காட் குடும்பம் லாக் மாஸ்க்கை விட்டு வெளியேறியது. அவர்களை ஏற்றிச்செல்ல உள்ளூர் வண்டிக்காரர் ஒருவரும் முன்வரவில்லை. நோயாளிகளை ஏற்றும் இராணுவ வண்டி ஒன்றில், படைவீரர் ஓட்ட, ரயில் நிலையம் சேர்ந்தனர். டப்ளினில் தங்கிய விடுதியின் உரிமையாளருக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. அவர் மேலும் தங்க இடம் தர இயலாது என்று கைவிரித்தார். டிசம்பர் முதல் நாள் கப்பலேறி இங்கிலாந்து திரும்பினார். அந்த மாதத்திலேயே லண்டன் நாளிதழ்கள் அவர் பெயரைச் சிறிய எழுத்தில், சாதாரண வினைச்சொல்லாக அச்சிடத் தொடங்கிவிட்டன. விரைவில் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகளிலும் அது குடியேறியது. ஜப்பானிய மொழியிலும் இன்று அச்சொல் வழங்குகிறது.

1881-இல் அவர் அமெரிக்காவுக்குப் பயணம் செய்தார். கப்பலில் தம் குடும்பப் பெயரை மறைத்து, சார்லஸ் கன்னிங்ஹாம் என்று மட்டும் பதிவு செய்துகொண்டார். ஆனாலும் நியூயார்க் செய்தியாளர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். தம் சொந்தப் பெயரிலிருந்து ஒளிந்துகொள்ள வேண்டிய நிலை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்!

அதே ஆண்டு ஆகஸ்டில், கிளாட்ஸ்டன் அரசின் நிலச் சட்டம் நிறைவேறியது. போராட்டத்தை ஒடுக்கக் கடுமையான தடுப்புக்காவல் சட்டம் கொண்டுவந்த அதே அரசு, நியாய வாரத்தை நிர்ணயிக்கத் தனி நீதிமன்றத்தையும் அமைத்துக் கழகத்தின் மூன்று கோரிக்கைகளையும் ஏற்றது. 1903-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், அரசுக் கடனுதவியோடு குத்தகைதாரர்களே நிலத்தை வாங்க வழிசெய்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அயர்லாந்தின் நிலத்தில் பெரும்பகுதி உழுதவர்களின் கைக்கு மாறியது. இதற்குக் காரணங்கள் பல உண்டெனினும், லாக் மாஸ்க் ஏரிக்கரையில் நடந்ததும் அவற்றில் ஒன்று.

அச்சட்டம் வந்த மறு மாதமே பாய்காட் லாக் மாஸ்க்குக்குத் திரும்பினார். முதலில் வசைகளும் கொடும்பாவி எரிப்பும் வரவேற்றன. பின்னர் மெல்ல மெல்லப் பகை தணிந்தது. அரசிடம் அவர் கேட்ட இழப்பீடு மறுக்கப்பட்டது. 1886-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஃபிளிக்ஸ்டன் என்ற ஊரில் மீண்டும் ஒரு நிலக்கிழாருக்குக் காரியஸ்தரானார். குதிரைப் பந்தயத்தில் அவருக்கு இருந்த ஆர்வம் கடைசிவரை குறையவில்லை. வியப்பு என்னவென்றால், விடுமுறைக்கு அவர் அயர்லாந்துக்கே சென்றுவந்தார். 1897 ஜூன் 19-ஆம் தேதி, தம் 65-ஆம் வயதில் ஃபிளிக்ஸ்டனில் காலமானார். தந்தை போதகராக இருந்த பர்க் செயின்ட் பீட்டர் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து எட்டே ஆண்டுகளில் அந்தப் பெயர் இந்தியாவில் முழக்கமாயிற்று. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கொல்கத்தாவில் கூடிய கூட்டம் அந்நியப் பொருள் புறக்கணிப்பை அறிவித்தது. அந்த அலையில்தான் 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் பிறந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும், சைமன் குழு புறக்கணிப்பும் அதன் தொடர்ச்சி.

ஆனால் அதே சொல்லுக்கு இந்தியாவில் இன்னொரு வரலாறும் உண்டு. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் இணைந்து ஒரு மனுவை அளித்தனர். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டால், அவர்களுக்கு வேலை தராமலும் பொருள் விற்காமலும் பாதையை அடைத்தும் ஊர் பழிவாங்குகிறது. இந்தச் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அயர்லாந்தின் ஏழைகள் கண்டெடுத்த ஆயுதம், இங்கே ஏழைகளின் மேலேயே ஏவப்பட்டுக்கொண்டிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தில்தான் சமூகப் புறக்கணிப்புக்கும் பொருளாதாரப் புறக்கணிப்புக்கும் தெளிவான வரையறை சேர்க்கப்பட்டது.

சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் நெருப்பும் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. கடையில் அவர்கள் காசை நீட்டினால், கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த வீட்டுப் பையன் என் வகுப்புத் தோழன். அவனிடம் பேச நான் அஞ்சினேன். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அச்சம் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. அவர்கள் எந்த நிலத்திலிருந்தும் எவரையும் வெளியேற்றியவர்கள் அல்லர்.

இரண்டு இடங்களிலும் நடந்த செயல் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கடைக்காரர் மறுக்கிறார், கொல்லர் மறுக்கிறார், ஊர் வாயடைத்து நிற்கிறது. வேறுபாடு செயலில் இல்லை. யார், யாரை, எதற்காக என்பதில் இருக்கிறது. மேயோவில் கீழே இருந்தவர்கள் தங்கள் உழைப்பை மேலே இருந்தவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்காக அறுவடைக் கூலியைத் தாங்களும் இழந்தார்கள். அவர்களின் கோரிக்கை வெளிப்படையானது. அது ஏற்கப்பட்டபின் பகையும் தணிந்தது. பாய்காட்டுக்குப் போவதற்கு ஓர் இங்கிலாந்து இருந்தது. நம் ஊர்களில் ஒதுக்கப்பட்ட குடும்பத்துக்குப் போக்கிடம் எது? ஒதுக்கியவர்கள் இழந்தது என்ன? அவர்கள் கேட்டதுதான் என்ன?

இன்று கைப்பேசியில் ஒரு விரலசைவில் ஒரு நடிகரை, ஒரு கடையை, ஒரு சமூகத்தையே புறக்கணிக்க அழைப்பு வருகிறது. அழைப்பவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. கோரிக்கை என்னவென்றும் தெளிவில்லை. எப்போது முடியும் என்பதும் தெரிவதில்லை. அப்படியோர் அழைப்பு வரும்போது, அந்த ஏரிக்கரையை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். நாம் நிற்பது மழையில் கூலியை இழந்து நின்ற உழவர்களின் பக்கமா, தண்ணீரும் நெருப்பும் மறுத்த ஊரின் பக்கமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். பாய்காட் தம் பெயரை விரும்பி நமக்குக் கொடுத்துச் சென்றவர் அல்லர். ஆனாலும் அதை எடுத்துப் புழங்கும் நாம், அது யாருக்காகப் பிறந்த சொல் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.